கூரைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்



"என் நிலத்தில் விழும் மழை யாருக்குச் சொந்தம்?" இதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. முப்பது வருடத்துக்கு மேல் சிவில் கோர்ட்டில் நின்றவன் நான். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டு பேசத் தொடங்குகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு விவசாயி வந்தார். ஓட்டு வீடு, கொல்லையில் ஒரு கிணறு, ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் தோட்டம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டிவிட்டார். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் இவர் சுவரைப் பார்த்து இருந்தது. மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் இவர் கொல்லையில். பத்திரத்தில் ஜலதாரை பாத்தியம் யாருக்கு என்று தேடினோம். தெளிவாக இல்லை. நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டேன். கமிஷனர் வந்து டேப் பிடித்து அளந்தார். வாய்தா, வாய்தா, வாய்தா. ஏழு வருடம் நடந்தது. ஜெயித்தோம். குழாய் தெருப் பக்கம் திரும்பியது. அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பதினைந்து வருடம் கழித்து அதே மனிதர் வந்தார். தலை நரைத்திருந்தது. தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. அறுபது அடிக் கிணறு, அவர் தாத்தா வெட்டியது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் எழுநூறு அடிக்குப் போர் போட்டிருந்தார். அந்தத் தண்ணீர் பயிருக்குப் போகவில்லை. லாரிக்குப் போனது. பகலும் இரவும் லாரி.

"வக்கீலய்யா, அன்னிக்கு ஒரு குழாய்த் தண்ணிக்கு ஏழு வருஷம் கேஸ் நடத்துனோம். இன்னிக்கு என் கெணறே போச்சு. இதுக்கு ஒரு கேஸ் போடுங்கய்யா" என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த பெரிய வக்கீல்களைக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து அவரிடம் சொன்னேன்: "ஐயா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சட்டம் நிற்குமா என்று சொல்ல முடியவில்லை."

யோசித்துப் பாருங்கள். வேண்டாத தண்ணீருக்கு வழக்கு இருந்தது. வேண்டிய தண்ணீருக்கு வழக்கு இல்லை. மேலிருந்து வந்தபோது விரட்டுவதற்குச் சட்டம் கைகொடுத்தது. கீழே போய்ச் சேர்ந்தபின் காப்பாற்றுவதற்குச் சட்டம் கைவிரித்தது. ஏன் இப்படி? யார் எழுதி வைத்தது இது?

எழுதி வைத்தது 1882-ஆம் வருடம். இந்திய வசதியுரிமைச் சட்டம். கோர்ட்டில் நாங்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்போம். அது முதலில் அமலுக்கு வந்த இடங்களில் ஒன்று நம் சென்னை மாகாணம். அதன் 7-ஆவது பிரிவில் நில உடைமையாளரின் இயல்பான உரிமைகளை வரிசையாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டை மட்டும் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒன்று: உன் நிலத்தின் மேலும் அடியிலும் உள்ள தண்ணீர், கரை தெரிகிற ஓடையாக ஓடாதவரைக்கும், அத்தனையையும் உன் எல்லைக்குள் நீ சேர்த்துக்கொள்ளலாம், உன் விருப்பப்படி செலவழிக்கலாம். இரண்டு: மேட்டு நிலத்தில் விழும் மழை, ஓடையாக இல்லாமல் தானாக வழிந்து வந்தால், பள்ளத்து நிலத்துக்காரர் அதைத் தடுக்கக் கூடாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேட்டுக்காரர் நினைத்தால் ஒரு சொட்டு விடாமல் பிடித்துக்கொள்ளலாம். பள்ளக்காரர் "எனக்கு வர வேண்டிய தண்ணீர்" என்று கேட்க முடியாது. மேட்டுக்காரர் வேண்டாம் என்று விட்டால் அத்தனையும் பள்ளக்காரர் தலையில். அவர் "வேண்டாம்" என்றும் சொல்ல முடியாது. பஞ்சத்தில் உரிமை இல்லை, வெள்ளத்தில் விலக்கு இல்லை. பள்ளத்தில் நிலம் வாங்கியது ஒரு குற்றமா?

ஐம்பது வருடமாக அந்த ஊற்றை நம்பித்தான் விவசாயம் செய்தேன் என்று சொல்லிப் பார்ப்போமா? அதற்கும் வழி அடைத்திருக்கிறார்கள். 17-ஆவது பிரிவு. வழிநடைப் பாதையில் வருடக்கணக்காக நடந்தால் பாத்தியம் பிறக்கும். வாய்க்காலில் வருடக்கணக்காகப் பாய்ச்சினால் பாத்தியம் பிறக்கும். ஓடையாக ஓடாத நிலத்தடி நீரில் எத்தனை வருடம் போனாலும் பாத்தியம் பிறக்காது. என் கட்சிக்காரரின் தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறை இறைத்த கிணற்றுக்கு, நேற்று இறக்கிய போர்க் குழாயைவிட ஒரு படி மேலான உரிமை கிடையாது.

சரி, இந்த எண்ணம் நம் மண்ணில் விளைந்ததா? இல்லை என்று என்னால் ஆதாரத்தோடு சொல்ல முடியும். அதற்கு உங்களை ஒரு பழைய வழக்குக்கு அழைத்துப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

முதலில் இங்கிலாந்து. லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்கிற ஆலைக்காரர் தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் அடியில் இருந்த பழைய சுரங்கப் பாதை வழியாக இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1868-இல் தீர்ப்பு வந்தது. தீங்கு செய்யக்கூடிய ஒன்றை உன் நிலத்தில் இயல்புக்கு மாறாகக் கொண்டுவந்து தேக்கினால், அது தப்பி வெளியே போய்ச் செய்யும் சேதத்துக்கு நீயே பொறுப்பு. கவனமாக இருந்தேன் என்பது பதில் ஆகாது. தண்ணீரைத் தேக்குகிறவன் ஆபத்தான பொருளை வைத்திருக்கிறவன். இதுதான் அந்த ஈரமான நாட்டின் பார்வை. மழை அங்கே வருடம் முழுவதும் பெய்கிறது. தேக்குவது ஒரு முதலாளியின் சொந்த வசதி. அந்த ஊருக்கு அது சரியாகவே இருக்கலாம்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். கார்வேட்டிநகரம். இன்றைக்கு ஆந்திரத்தில் இருக்கிறது. அன்றைக்குச் சென்னை மாகாணத்து ஜமீன். பெருமழையில் அந்த ஜமீனின் ஏரிகள் உடைத்துக்கொண்டன. வெள்ளம் போய் மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியது. கம்பெனிக்காரர்கள் லண்டன் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "ஜமீன்தார் தண்ணீரைத் தேக்கினார், அது தப்பித்தது, எங்களுக்குச் சேதம், நஷ்டஈடு கொடு" என்றார்கள். பார்த்தால் ரைலண்ட்ஸ் வழக்கேதான், இல்லையா? தண்ணீரும் அதே தண்ணீர்தான்.

1874-இல் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி தோற்றது. காரணத்தைக் கேளுங்கள். இந்த நாட்டில் ஏரி என்பது ஒருவர் சொந்த லாபத்துக்குக் கட்டிக்கொண்ட தொட்டி அல்ல. நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து இருக்கிற பாசன ஏற்பாடு. மக்கள் உயிர் வாழ்வதற்கே வேண்டியது. ஜமீன்தார் நினைத்தாலும் அந்த ஏரிகளை இல்லாமல் ஆக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அவற்றைக் காத்துப் பழுது பார்க்க வேண்டியது அவர் கடமை. கடமையாகத் தேக்கியவரை, கவனக்குறைவு இல்லாதபோது, தண்டிக்க முடியாது.

நண்பர்களே, அந்த ஒரு வரியை மறுபடியும் சொல்கிறேன். ஜமீன்தாருக்கே ஏரியை அழிக்க அதிகாரம் கிடையாது! பட்டம் கட்டிய ஜமீன்தார். ஆயிரக்கணக்கான குடிகளின் வரியை வசூலிக்கிறவர். அவருக்கே இல்லை. அந்தத் தண்ணீரில் பலருக்கு உரிமை இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் அந்தப் பலருக்காகக் காவல் இருக்கிறார். இதைச் சொன்னது நம் ஊர்ப் பஞ்சாயத்து இல்லை. நம்மை ஆண்டவர்களின் உச்ச மன்றம், நம் வழக்கத்தைப் பார்த்து, ஒப்புக்கொண்டு சொன்னது.

எட்டே வருடம். 1882-இல் மேலே சொன்ன சட்டம் வந்தது. ஏரிக்கு ஒரு நியாயம், கிணற்றுக்கு வேறொரு நியாயம் என்று ஆனது. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரில் ஊர் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் ஊர் இல்லை, தனி ஆள் மட்டுமே இருந்தார். அன்றைக்கு அதன் விபரீதம் தெரியவில்லை. கவலை பூட்டி மாடு இறைத்த காலம். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மாட்டின் மூச்சுத்தான் அந்தக் காலத்து நிலத்தடி நீர்ச் சட்டம். மோட்டாருக்குக் களைப்பு கிடையாதே!

இந்தக் கிணற்று நியாயம் வந்த இங்கிலாந்துச் சட்டம் எதுவரை போகும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். பிராட்ஃபோர்டு நகரத்துக்குக் குடிநீர் கொடுத்துவந்த ஊற்றுகளுக்கு மேட்டில் பிக்கிள்ஸ் என்பவருக்கு நிலம் இருந்தது. அவர் தன் நிலத்தில் குழி வெட்டத் தொடங்கினார். ஊற்றுக்குப் போகும் தண்ணீர் குறைந்தது. என் நிலத்தை நல்ல விலைக்கு வாங்கிக்கொள் என்று எங்களை மிரட்டத்தான் இப்படிச் செய்கிறார் என்றது மாநகராட்சி. 1895-இல் பிரபுக்கள் சபை சொன்ன பதில் என்ன தெரியுமா? எண்ணம் கெட்டதாகவே இருக்கட்டும். செய்த காரியம் அவர் உரிமைக்கு உட்பட்டது. மாநகராட்சி தோற்றது. ஒரு நகரத்தின் தாகம் ஒரு பக்கம், ஒரு மனிதரின் குழி ஒரு பக்கம். தராசு குழிப் பக்கம் சாய்ந்தது.

இதற்கு நேர் எதிர்க் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம். அங்கே ஆற்றுத் தண்ணீர் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கு. அதே 1882-இல் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வறட்சி வருடத்தில் ஆற்றங்கரை விவசாயிகள் ஒரு வாய்க்கால் கம்பெனியின் அணையைப் பிடுங்கி எறிந்த வழக்கு அது. கம்பெனி முதலில் வந்தது, எனவே கம்பெனிக்கே தண்ணீர் என்று தீர்ந்தது. அதன் நீட்சி என்ன ஆனது? உன் கூரையில் விழும் மழை ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர். ஆற்றில் அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். நீ பீப்பாயில் பிடித்தால் அவர் பொருளை எடுக்கிறாய்! 2016-இல்தான் வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன், அதாவது ஏறக்குறைய 416 லிட்டர் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றலாம் என்று சட்டம் இளகியது. ஆரிகன் மாநிலத்தில் மழைநீர் பிடித்ததற்காக ஒருவரைச் சிறையில் போட்டார்கள் என்று 2012-இல் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அந்தச் செய்தி பாதி உண்மை. அவர் தன் நிலத்தில் ஓடைகளுக்குக் குறுக்கே அணை எழுப்பி, படகுத்துறை வைக்கிற அளவுக்கு மூன்று பெரிய தேக்கங்கள் கட்டியிருந்தார். அதற்குத்தான் முப்பது நாள் சிறை. கூரைத் தண்ணீர் பிடிக்க அங்கே தடை இல்லை. யாராவது அந்தச் செய்தியை உங்களுக்குச் சொன்னால் இந்த மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூரையிலிருந்து இறங்குவதைப் பிடிப்பது வேறு, கீழே பத்துக் குடும்பம் காத்திருக்கிற ஓடையை மறிப்பது வேறு.

சரி, நம் ஊருக்குத் திரும்புவோம். 2003-ஆம் வருடத்துக்கு வாருங்கள். அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியம் நடந்தது.

ஜூலையில், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும். இந்தியாவுக்கே முன்மாதிரியான காரியம்; மனதாரப் பாராட்டுகிறேன். கணக்குப் பாருங்கள். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,30,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரிக்கு மேல். அதைக் குழி வெட்டி, ஜல்லி போட்டு, மண்ணுக்குள் இறக்கச் சொன்னது சட்டம். நல்லது. இறக்கிய தண்ணீர் யாருக்கு? அதைச் சட்டம் சொல்லவில்லை. நான் குழி வெட்டி இறக்குகிறேன். நாலு வீடு தள்ளி ஒருவர் போர் போட்டு லாரிக்கு ஏற்றுகிறார். என் மாடியில் விழுந்த மழையை நானே காசு கொடுத்து லாரியில் வாங்குகிறேன். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு தெருவில் நின்ற தாய்மார்கள் எத்தனை பேர்!

இரண்டாவது காரியம்: அதே 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. எடுப்பவரைக் கணக்குக் கேட்கும் சட்டம். அது நடைமுறைக்கே வரவில்லை. 2013-இல் ரத்து செய்துவிட்டார்கள். மண்ணுக்குள் போடச் சொன்ன சட்டம் பிழைத்தது. எடுப்பதற்கு அளவு சொன்ன சட்டம் கண் திறக்காமலே போனது. ஒரு கையால் தொட்டியில் ஊற்றிக்கொண்டு, அடியில் இருக்கிற குழாயைத் திறந்தே விட்டது போல ஆயிற்று.

மூன்றாவது காரியம் எல்லைக்கு அந்தப் பக்கம். பாலக்காடு மாவட்டம், பிளாச்சிமடை. கோகோ கோலா ஆலை 2000-இல் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கின. தண்ணீரின் ருசி மாறியது. 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. வக்கீல் இல்லை, படிப்பு இல்லை. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை என்பது அவருக்குத் தெரியும். பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போனது.

2003 டிசம்பர் 16. நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பு எழுதினார். நிலத்தடி நீர் மக்களின் சொத்து. அரசு அதற்கு அறங்காவலர். நிலம் உன்னுடையது என்பதற்காக அளவில்லாமல் எடுக்க முடியாது. அப்படியானால் ஆலைக்காரர் எவ்வளவு எடுக்கலாம்? இங்கேதான் என் நெஞ்சு நிமிர்ந்தது. ஆலையின் 34 ஏக்கரில் பயிர் வைத்தால் வழக்கமாக எவ்வளவு தண்ணீர் ஆகுமோ, அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எளிய அளவுகோல்! எந்த விவசாயிக்கும் மனக்கணக்காகத் தெரிந்த அளவுகோல்!

அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சட்டம் தடுக்காதவரை தன் நிலத்துத் தண்ணீரை எடுக்க உடைமையாளருக்கு உரிமை உண்டு என்றது. நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆனாலும் 2004 மார்ச்சில் மூடிய ஆலை பிறகு நிலையாக ஓடவே இல்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்காகக் கிடந்தது. கடைசியில், 2017-இல், திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. சட்டத்தின் கேள்விக்குப் பதில் வராமலே வழக்கு முடிந்தது. பந்தலில் உட்கார்ந்த பெண்கள் ஜெயித்தார்கள். அவர்களுடைய நியாயம் இன்னும் ஜெயிக்கவில்லை.

இந்த அவையில் சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "வக்கீலய்யா, கோலா கம்பெனி சரி. நானும் போர் போட்டிருக்கிறேன். நகையை அடகு வைத்துப் போட்டேன். முதல் இரண்டு போர் புகைதான் வந்தது. மூன்றாவதில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர். என்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களா?"

இல்லை ஐயா. உங்களைத்தான் நான் அந்த 34 ஏக்கர்த் தீர்ப்பில் பார்க்கிறேன். தன் மண்ணுக்கு வேண்டிய அளவு எடுப்பவருக்கு முழு உரிமை வேண்டும். மேல் நிலத்து லாரிக்காரர் அதை உறிஞ்சிப் போகாமல் காக்கிற உரிமை. இன்றைய சட்டம் உங்களுக்கு அதைத் தரவில்லை. உங்களுக்கு அது தருவதெல்லாம் பக்கத்துக்காரரைவிட நூறு அடி ஆழமாகப் போகிற சுதந்திரம். நீங்கள் 700 போனால் அவர் 800. அவர் 800 போனால் நீங்கள் 1,000. இது உரிமையா? ஏலம். நகை தீர்ந்தவர் ஏலத்திலிருந்து விலகிக்கொள்கிறார், நிலத்தை விற்கிறார்.

மகாராஷ்டிரத்தில் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். மழை மறைவுப் பிரதேசம். நம் ராமநாதபுரத்துக்குப் பெய்வதைவிடக் குறைவாகத்தான் பெய்யும். போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானபின் அந்த ஊர் ஓடும் மழையை மடக்கி மண்ணுக்குள் இறக்கியது. நம்மில் பல ஊர் இதுவரை வந்திருக்கும். அவர்கள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். பாசனத்துக்குப் போர்க் குழாய் கூடாது என்று ஊரே முடிவு செய்தது. ஒவ்வொரு வருடமும் எவ்வளவு மழை பெய்தது, கிணறுகளில் எவ்வளவு நிற்கிறது என்று கணக்கெடுத்து, கிராம சபையில் வைத்து, அதற்குத் தகுந்த பயிரை முடிவு செய்கிறார்கள். கிணறு தனியாருடையதுதான். கணக்கு மட்டும் ஊருடையது. போடுவதும் எடுப்பதும் ஒரே ஏட்டில் இருக்கிறது. கார்வேட்டிநகரத்து ஏரிக்கு லண்டனில் ஒப்புக்கொண்ட நியாயத்தை, அவர்கள் கிணற்றுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தச் சட்டசபைக்கும் காத்திருக்கவில்லை.

என் கட்சிக்காரரை நடுவழியில் விட்டுவிட்டேன். வழக்கு நிற்குமா என்று சொல்ல முடியவில்லை என்றதும் அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்த மாடித் தண்ணிய ஏழு வருஷம் நாம வெரட்டாம, கொல்லையில ஒரு குழி வெட்டி வுட்டிருந்தா, வூட்டுக் கெணறாவது ஊறியிருக்குமே வக்கீலய்யா?" அவருடைய கொல்லைக் கிணறும் அதற்குள் வற்றியிருந்தது. அவரிடம் நான் வாங்கிய ஃபீஸ் ஞாபகம் வந்தது. பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

அதனால்தான் இப்போது கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அதற்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கிணற்றின் அல்லது போரின் ஆழம். இந்தத் தை மாதம் தண்ணீர் நின்ற மட்டம். வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கிணறு எத்தனை அடி தூரம். படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் காகிதங்களைத் தலைவர் வாங்கி ஒரு நோட்டில் ஒட்டட்டும். தண்ணீர் விற்கும் லாரிக்காரரின் எண்ணும் அதே நோட்டில் ஏறட்டும்; அவர் எழுதித் தர மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள். அதைத் தீர்மானமாகப் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் வைப்பதற்கு அப்படி ஒரு நோட்டு என் கட்சிக்காரரிடம் இருக்கவில்லை. நாளைக்கு ஒரு கிணறு வற்றினால், உங்களிடம் இருக்கட்டும். நகல் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். ஃபீஸ் கிடையாது.